மூட்டை சுமந்தவருக்கும் ஒரு விருது

வெள்ளகவிக்குள்ள செருப்பு போட்டு நடக்கக் கூடாது. ஊர் எல்லையிலேயே கழட்டிக் கையில் எடுத்துக்கணும். வட்டக்கானல்ல கிளம்பி, டால்ஃபின் நோஸ் தாண்டி, வேரும் கல்லுமா இருக்கிற ஒத்தையடிப் பாதையில் இறங்கி இறங்கி, முட்டி ரெண்டும் 'போதும்டா சாமி'ன்னு கெஞ்சுற நேரத்தில் அந்த எல்லை வரும். போன வருஷம் தை மாசம் நானும் ஒரு வாத்தியாரும் அங்கே செருப்பைக் கழட்டினோம். நான் செருப்பைக் கையில் வச்சுக்கிட்டேன். அவர் செருப்பைத் துணிப்பைக்குள் போடப் போனவர், சட்டுன்னு நிறுத்திட்டு, "வேணாம், உள்ள கதை இருக்கு"ன்னார்.

அந்தப் பைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வாத்தியாருக்கு வயசு 71. பெரியகுளம் பக்கம் தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால வாத்தியார்னே வச்சுக்குவோம். சின்ன வயசில் கும்பக்கரையிலிருந்து இதே பாதையில் வெள்ளகவிக்கு ஏறி வந்திருக்காராம். முட்டி ஒத்துழைக்கும்போதே ஒரு தடவை மேலேருந்து கீழே இறங்கிடணும்னு ஆசை. துணைக்கு நான். மூணு மணி நேர நடையை நாலரை மணி நேரம் நடந்தோம். (நானும் ஒண்ணும் வேகமா நடந்துடலை, அது வேற விஷயம்.)

ஊருக்குள்ள ஒரு திண்ணையில் உட்கார்ந்து கடுங்காப்பி குடிக்கும்போது பையைத் திறந்தார். உள்ளே 46 கதை. 1987-லேருந்து சேர்த்தது. பழைய வாரப் பத்திரிகை, மாத இதழ், சிற்றிதழ், தீபாவளி மலர் எதிலெல்லாமோ வந்து மறைஞ்சு போன கதைகளோட ஜெராக்ஸ். எல்லாமே ஒரு வகை. பேய்க்கதை இருக்கு, விஞ்ஞானக் கதை இருக்கு, புராணத்தைத் திருப்பிப் போட்ட கதை இருக்கு, 'இப்படி நடந்திருந்தா?'ன்னு சரித்திரத்தைக் கலைச்சுப் பார்க்கிற கதை இருக்கு. ஒண்ணு மட்டும் அச்சில் வந்ததே இல்லை. இந்தப் பாதையில் ராத்திரி நடக்கிறவங்களோட கூடவே நடந்து வர ஒரு முனியைப் பத்தி, இதே ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எப்பவோ சொன்னதை வாத்தியார் கையால எழுதி வச்சது.

"புத்தகமா போடலையா ஐயா?"ன்னு கேட்டேன்.

"மூணு பேர்கிட்ட கேட்டேன் தம்பி. ஒருத்தர், 'யாரோட கதை இது, உங்க கதையா?'ன்னார். இல்லன்னேன். 'அப்ப அட்டையில யார் பேர் போடறது?'ன்னார். இன்னொருத்தர் செலவுப் பணத்தைக் கட்டுங்கன்னார். மூணாமவர் பதிலே சொல்லல."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுச் சொன்னார்: "நீ வச்சுக்க. நான் போனா பழைய பேப்பர்க்காரன்தான் எடுப்பான்."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. சரி, கதையை அங்கேயே நிறுத்தி வச்சுட்டு விஷயத்துக்கு வரேன்.

தமிழ்ல 'தொகுப்பு'ன்னு ஒரே வார்த்தையை வச்சு ரெண்டு விஷயத்தைச் சொல்றோம். ஒரே எழுத்தாளரோட கதைகளைச் சேர்த்துப் போட்டா அதுவும் தொகுப்பு. பல பேர் எழுதினதை ஒருத்தர் தேடி, படிச்சு, கழிச்சு, வரிசைப்படுத்திப் போட்டா அதுவும் தொகுப்பு. முதலாவது எழுத்தாளரோட புத்தகம். ரெண்டாவது தொகுத்தவரோட புத்தகம். குழப்பம் வேண்டாம்னு ரெண்டாவதைத் தொகைநூல்னு சொல்றேன். நம்ம பழைய வார்த்தைதான்.

வெளிநாட்டில் இந்த வித்தியாசத்தை விருது கொடுக்கிறவங்களே கவனிச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவில் அறிவியல் புனைவு, மிகுபுனைவு, திகில் கதைகளுக்குன்னு ஆரியாலிஸ் விருது 1995-இல் ஆரம்பிச்சது. 2008-லேருந்து அதில் தனி ஆசிரியர் தொகுப்புக்கு ஒரு விருது, தொகைநூலுக்கு ஒரு விருதுன்னு பிரிச்சுட்டாங்க. உலக மிகுபுனைவு விருதிலும் 1988-லேருந்து தொகைநூலுக்குத் தனி இடம் இருக்கு. பரிசு வாங்கறவர் யார் தெரியுமா? அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதாத ஆளா இருக்கலாம். தேர்ந்தெடுத்ததுக்கும் சேர்த்ததுக்கும்தான் பரிசு.

இதெல்லாம் ஏன் முக்கியம்? நாவலுக்குத் தன்னந்தனியா நிக்கத் தெம்பு இருக்கு. அட்டை இருக்கு, முதுகில் பேர் இருக்கு, அலமாரியில் இடம் பிடிச்சுக்கும். சிறுகதைக்கு அது கிடையாது. பத்திரிகையோட வந்து பத்திரிகையோட போயிடும். பேர் பெற்ற எழுத்தாளர்னா பின்னாடி அவரோட தொகுப்பில் வந்துடும். வாழ்நாளில் நாலே நாலு கதை எழுதின ஒரு பேங்க் கிளார்க்கோ, ஒரே ஒரு அபாரமான பேய்க்கதை எழுதிட்டுக் கல்யாணமாகிப் போய் எழுதறதை விட்ட ஒரு பொண்ணோ, அவங்களுக்குத் தனித் தொகுப்பு எப்பவும் வராது. அவங்களைக் காப்பாத்துற ஒரே வண்டி தொகைநூல்தான்.

அறிவியல் கதை, மாயக் கதை விஷயத்தில் இது ரெண்டு மடங்கு நிஜம். 'சீரியஸ்' இலக்கியக்காரங்க தொகுக்கும்போது, 'அட, இது பேய்க்கதையாச்சே'ன்னு ஒதுக்கிடறாங்க. வெகுஜனப் பத்திரிகைகளோ பழசைத் திரும்பிப் பார்க்கறது அபூர்வம். புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யும் 'பிரம்ம ராக்ஷஸ்'ஸும் எழுதியிருக்கார், ஆனா அவர் புதுமைப்பித்தன்கிறதால பொழைச்சுக்கிட்டார். அதே மாதிரிக் கதை எழுதின பேர் தெரியாத பத்து பேரை யார் தேடுவா? வாத்தியார் மாதிரி ஒரு கிறுக்கர்தான் தேடணும். (ஐயா, கோவிச்சுக்காதீங்க.)

இந்தியாவில் நிலைமை எப்படின்னு பார்க்கலாம்.

சாகித்ய அகாதமி நம்ம நாட்டோட பெரிய இலக்கிய விருது. அந்த விருதுக்குத் தொகைநூல்கள் தகுதி இல்லைங்கறது விதி. மொழிபெயர்ப்புக்காவது 1989-லேருந்து தனி விருது இருக்கு. தொகுக்கிறவருக்கு அதுவும் இல்லை.

கி.ராஜநாராயணனை எடுத்துக்குங்க. கரிசல் காட்டுக் கிழவிகள், சம்சாரிகள் வாயில் இருந்த நாட்டுப்புறக் கதைகளை வருஷக்கணக்கா அலைஞ்சு சேர்த்தவர். பேய், முனி, பேசுற மிருகம்னு அதில் இல்லாத மாயமே கிடையாது. அவருக்கு அகாதமி விருது கிடைச்சது 1991-இல், 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு. சந்தோஷம்தான், அருமையான நாவல். ஆனா அவர் சேர்த்துக் கொடுத்த அந்தக் கதைக் களஞ்சியம் விருதுக் கணக்கில் வரவே வராது.

மராத்தியில் இன்னொரு வேடிக்கை. மராத்தி விஞ்ஞான பரிஷத் ரொம்ப காலமா அறிவியல் கதைப் போட்டி நடத்திட்டு வருது. வானியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் 1974-இல் அதுக்குக் கதை அனுப்பினார். தன்னோட பேரைப் பார்த்து மயங்கிடக் கூடாதுன்னு, பேரோட முதல் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, நாராயண் விநாயக் ஜக்தாப்னு ஒரு புனைபெயரில் அனுப்பினார். பரிசு கிடைச்சது. அப்புறம் மராத்தி அறிவியல் புனைவுக்கே அவர் ஒரு அடையாளமா ஆயிட்டார். 2014-இல் அவருக்கு அகாதமி விருதும் வந்தது. எதுக்குன்னு நினைக்கறீங்க? தன்வரலாற்றுக்கு! 2025-இல் அவர் காலமானார். அறிவியல் கதைக்காரருக்குக் கதவு திறந்தாங்க, கதையை வெளியே விட்டுட்டு ஆளை மட்டும் உள்ளே கூப்பிட்டாங்க.

பல இந்திய மொழி அறிவியல் கதைகளைச் சேர்த்து நேஷனல் புக் டிரஸ்ட் 1993-இல் ஆங்கிலத்தில் ஒரு தொகைநூல் போட்டது. 'இட் ஹேப்பன்ட் டுமாரோ'ன்னு பேர், தொகுத்தவர் பால் போண்ட்கே. மராத்திக்காரர் கன்னடக் கதையையும் தமிழர் வங்காளக் கதையையும் ஒரே புத்தகத்தில் படிக்க முடிஞ்சது. அதுக்கப்புறம் தருண் செயின்ட் தொகுத்த தெற்காசிய அறிவியல் புனைவுத் தொகைநூல்கள் 2019-லயும் 2021-லயும் வந்தது. சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் தமிழ்ப் பல்ப் கதைகளை மொழிபெயர்த்து ஒரு தொகைநூல் போட்டது, 2024-இல் சாதி எதிர்ப்பு ஊகப்புனைவுகளுக்குன்னே ஒண்ணு போட்டது. நல்ல விஷயம். ஆனா கவனிச்சீங்களா, எல்லாமே இங்கிலீஷ். நம்ம ரயில்வே ஸ்டேஷன் கடையில் தொங்கின கதைக்கு இங்கிலீஷ்ல அட்டை போட்டப்புறம்தான் மரியாதை வருது.

தமிழுக்கு வருவோம். அறிவியல் கதைன்னா சுஜாதா. 2008-இல் அவர் போனப்புறம் அவர் பேரில் உயிர்மை விருதுகள் கொடுக்க ஆரம்பிச்சது. சிறுகதை, நாவல், கவிதை, உரைநடை, இணையம், சிற்றிதழ்னு பிரிவுகள். மனசாரப் பாராட்டறேன், தனியார் முயற்சியா இவ்வளவு செய்யறது லேசில்லை. ஆனாலும் ஒரு வாசகனா எனக்கு ஒரு குறை. 'என் இனிய இயந்திரா' எழுதினவர் பேரில் இருக்கிற விருதில் அறிவியல் புனைவுக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருக்கலாமே!

போட்டிகள் நடந்திருக்கு, இல்லைன்னு சொல்லல. 2000-களில் திண்ணையும் மரத்தடியும் சேர்ந்து ஒரு அறிவியல் புனைகதைப் போட்டி நடத்தி, அதிலிருந்து 'எதிர்காலம் என்று ஒன்று'ன்னு புத்தகமே வந்தது. 2019-இல் அரூ இதழ் நடத்தின போட்டி புதுசா ஒரு தலைமுறையை எழுத வச்சது. ஆனா போட்டிங்கறது விதைக்கிறது. விளைஞ்சதைப் பொறுக்கி, காய வச்சு, அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கிற வேலை வேற. அந்த வேலைக்குத்தான் கூலி இல்லை.

வெள்ளகவியில் இதைக் கண்ணால பார்த்தேன். மிளகும் காப்பியும் அங்கே விளையுது. வண்டி போற ரோடு இல்லாத ஊர்ங்கறதால தலைமுறை தலைமுறையா தலைச்சுமைதான், இல்லைன்னா குதிரை. உடம்பு சரியில்லைன்னா டோலி கட்டித் தூக்கிட்டுப் போகணும். நாங்க காப்பி குடிச்ச திண்ணைக்கு எதிர்ல ஒருத்தர் குதிரை மேல மூட்டை கட்டிட்டு இருந்தார். "மூட்டை என்ன வெலைக்குப் போகும்ணே?"ன்னு கேட்டேன். "மொளகு வெலை ஏறும் எறங்கும் தம்பி. குதுரைக்குக் கொள்ளு மட்டும் தெனமும் வைக்கணும்"னார். வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். குதிரைக்காவது கொள்ளு உண்டு!

இதே பாதையைப் பத்தி இன்னொண்ணும் சொல்லணும். 1821-இல் பி.எஸ். வார்டுன்னு ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட் இந்த மலையை அளக்க வந்தப்ப, வெள்ளகவியிலிருந்துதான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் மேலே வந்து குடியேறினது 1845-இல். அதாவது கொடைக்கானலுக்கு முன்னாடியே வெள்ளகவி இருக்கு. வார்டு பேர் புத்தகத்தில் இருக்கு. அவர் சாமானை யார் தூக்கிட்டு ஏறினாங்களோ, அவங்க பேர் எந்தப் பாட்டிலும் இல்லை. மலை உச்சியில் இருக்கிற சூரிய ஆய்வகத்தில் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்றதைக் கண்டுபிடிச்சார், விளைவுக்கு அவர் பேரையே வச்சாங்க. அதே ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலா மேகம் விலகற நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து அடுக்கி வச்சிருக்காங்க. இன்னிக்கு உலகம் பூரா ஆராய்ச்சிக்கு உதவறது அந்த அடுக்குதான். அடுக்கினவங்க எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

நம்ம முன்னோர் இந்த விஷயத்தில் நம்மளைவிடப் புத்திசாலிகள்.

சங்கப் பாட்டு நம்ம கைக்கு வந்ததே தொகைநூலாத்தான். எட்டுத்தொகை! யாரோ உட்கார்ந்து சட்டம் போட்டிருக்காங்க: மூணு அடியிலேருந்து ஆறு அடி வரைக்கும் ஐங்குறுநூறு, நாலு முதல் எட்டு வரைக்கும் குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, அதுக்கு மேல போனா அகநானூறு. அதோட நிக்கலை. தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார்னு தனித்தனியா குறிப்பு எழுதி வச்சாங்க. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. 'தொகுப்பித்தோன்' என்றால் என்ன? காசு கொடுத்து, ஆதரவு கொடுத்து, இந்த வேலையைச் செய்ய வச்சவர். இன்னிக்கு நாம விருதுன்னும் நிதியுதவின்னும் சொல்றதோட பழைய பேர் அதுதான்.

நற்றிணைக்கு மட்டும் பாருங்க, தொகுப்பித்த ராஜா பேர் இருக்கு, தொகுத்தவர் பேர் தொலைஞ்சு போச்சு. அப்பவே ஆரம்பிச்சிருக்கு பிரச்சினை!

அந்தத் தொகுத்தவங்க இன்னொரு காரியம் செஞ்சாங்க. எழுதினவர் பேர் தெரியாத பாட்டைத் தூக்கிப் போடலை. பாட்டுல வர ஒரு சொல்லையே பேரா வச்சு உள்ளே சேர்த்துக்கிட்டாங்க. செம்புலப்பெயனீரார்னு ஒருத்தரை நாம இன்னிக்குக் கொண்டாடறோமே, அந்தப் பேர் அப்படி வந்ததுதான். ஒரே ஒரு பாட்டு. தொகுக்கிறவர் 'பேர் இல்லாத ஆள்'னு கழிச்சிருந்தா அந்தச் செம்மண்ணும் மழையும் போயிருக்கும்.

என்னோட கருத்து இதுதான். விந்தைக் கதை, அறிவியல் கதை, பேய்க்கதை எல்லாம் சேர்ந்த ஊகப்புனைவுத் தொகைநூலுக்கு நாடு தழுவிய ஒரு விருது வேணும், தமிழ் உள்பட எல்லா மொழிக்கும். தேசிய அளவில் உடனே நடக்காதுன்னா முதல்ல தமிழ்ல ஆரம்பிக்கலாம். பணம் தொகுத்தவர் கைக்குப் போகணும்.

உடனே ஆட்சேபணைகள் வரும்னு தெரியும். நாலு பேர்கிட்ட பேசிப் பார்த்ததில் மூணு வகை கிடைச்சது.

ஒண்ணு: "விருதுன்னா அரசியல் வரும்." வரும். அறிவியல் புனைவுலகில் பெரிய விருதான ஹ்யூகோவில் 2015-இல் ஒரு கூட்டம் சேர்ந்து பட்டியல் போட்டு ஓட்டுக் குத்தினாங்க. மத்த வாசகர்கள் கடுப்பாகி அஞ்சு பிரிவில் 'யாருக்கும் விருது இல்லை'ன்னு ஓட்டுப் போட்டுக் கவுத்தாங்க. அதே 2015-இல்தான் உலக மிகுபுனைவு விருதின் சிலையா இருந்த லவ்கிராஃப்ட் தலையை, அவரோட இனவெறிக்காக, எடுத்துடறதா அறிவிச்சாங்க. சண்டை நடந்தது, விருதும் பொழைச்சுக்கிட்டது. சண்டை வரும்னு பயந்தா கல்யாணம்கூடப் பண்ண முடியாது.

ரெண்டு: "அறிவியல் கதையே தமிழ்ல நாலு பேர்தான் எழுதறாங்க, இதுக்கு வருஷா வருஷம் விருதா?" வாத்தியார் ஒத்தை ஆளா, பஸ்ஸிலயும் பழைய புத்தகக் கடையிலயும் அலைஞ்சு 46 கதை பிடிச்சிருக்கார். அவர் கழிச்சது போக மிச்சம் 46. கதை இல்லாம இல்லை, சேர்த்து ஒரு இடத்தில் பார்த்தவங்க இல்லை. வருஷா வருஷம் கொடுக்க முடியலையா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கொடுங்க.

மூணு: "விருதுக்காகவே அவசரமா அள்ளிப் போட்டுத் தொகுப்பாங்க." இது நியாயமான பயம். நண்பர்கள் பத்து பேரைச் சேர்த்து, 'ஆளுக்கு இருபது புக்கு வாங்கிக்குங்க'ன்னு சொல்லிப் போடற தொகுப்புகளை நானும் பார்த்திருக்கேன். (ஒண்ணில் என் கதையும் இருந்தது. இருபது புக்கும் இன்னும் பரண்ல இருக்கு.) அதனால விதிகள் கறாரா இருக்கணும். எனக்குத் தோணினது இது:

முதல் விதி, ஒவ்வொரு கதையும் முதல்ல எங்கே, எந்த வருஷம் வந்ததுன்னு புத்தகத்தில் இருக்கணும். இல்லாத புத்தகம் வாசல்லயே திரும்பிடணும்.

ரெண்டாவது, எழுதினவங்ககிட்டயோ குடும்பத்துகிட்டயோ எழுத்துமூலமா அனுமதி, சின்னதா ஒரு தொகையாவது சம்பளம். நம்ம சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை குடும்பத்துக்கு. அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கினவங்க எழுத்தைத் தாராளமா எடுத்துக்கலாம், புதுமைப்பித்தன் எழுத்து 2002-லேயே அப்படி ஆயிடுச்சு. மத்தவங்களுக்குக் கடுதாசி போட்டுத்தான் ஆகணும். இந்தக் கடுதாசி வேலைதான் தொகுக்கிறவரோட பாதி ஆயுளைத் தின்னுது. பரிசுப் பணம் முக்கியமா இதுக்குத்தான்.

மூணாவது, தொகுத்தவர் தன்னோட சொந்தக் கதையை உள்ளே போடக் கூடாது. (சிலருக்குக் கஷ்டமா இருக்கும்.)

நாலாவது, புத்தகத்தில் ஒரு பங்காவது வேற எந்தத் தொகுப்பிலும் வராத கதையா இருக்கணும். ஏற்கனவே எல்லாரும் போட்ட அதே அஞ்சு கதையைத் திரும்பப் போட்டா அது தொகைநூல் இல்லை, பழைய சோறு.

அஞ்சாவது, விருது வாங்கின புத்தகம் நூலக ஆணையில் தானா சேரணும். மாவட்ட நூலகத்துக்கும் கிளை நூலகத்துக்கும் போனாத்தான் அடுத்த தலைமுறைக் கிறுக்கர் கையில் அது கிடைக்கும்.

காத்திருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கும் உதாரணம் இருக்கு. ஹார்லன் எலிசன்னு அமெரிக்காவில் ஒரு முசுடு எழுத்தாளர். 1967-இல் 'டேஞ்சரஸ் விஷன்ஸ்'னு 33 புதுக்கதைகளை வாங்கித் தொகுத்தார். அந்த வகை எழுத்தையே அது மாத்திப் போட்டது. அதில் வந்த சில கதைகள் ஹ்யூகோ, நெபுலா வாங்கின. தொகுத்ததுக்காக அவருக்கே 1968 உலக மாநாட்டில் சிறப்புப் பாராட்டு கொடுத்தாங்க. அடுத்து 1972-இல் ரெண்டாவது. மூணாவது இதோ வருது, அதோ வருதுன்னார். கதைகளை வாங்கியும் வச்சுக்கிட்டார். வரவே இல்லை. எழுதினவங்க ஒவ்வொருத்தரா செத்துக்கிட்டே இருந்தாங்க. 2018-இல் எலிசனும் போயிட்டார். கடைசியில் அவரோட நண்பர் ஒருத்தர் எடுத்துச் செஞ்சு 2024-இல் அந்த மூணாவது புத்தகம் வந்தது, எலிசன் வாங்கினதில் ஒரு பங்கு கதைகளோட மட்டும். அவ்வளவு பேரும் புகழும் இருந்த ஆளுக்கே அந்த கதி. பெரியகுளத்து வாத்தியார் பைக்கு எத்தனை வருஷம் கொடுப்பீங்க?

இப்ப நிறுத்தி வச்ச இடத்துக்கு வரேன்.

அன்னிக்கு அந்தத் திண்ணையில் நான் உடனே சரின்னு சொல்லலை. உண்மையைச் சொல்லணும்ல. எனக்கு வேலை இருக்கு, குழந்தைக்குப் பரீட்சை, இதெல்லாம் யார் செய்யறதுன்னு மனசு கணக்குப் போட்டது. 'பார்க்கலாம் ஐயா'ன்னு இழுத்தேன். அவர் ஒண்ணும் சொல்லாம பைக்குள்ள கை விட்டு நாலு தாளை எடுத்து நீட்டினார்.

என்னோட கதை. 24 வயசில் எழுதினது. ஒரு சிற்றிதழில் வந்தது, இதழ் அடுத்த வருஷமே நின்னு போச்சு. கிணத்துக்குள்ள நாளைய பேச்சு கேட்கிற ஒரு கிழவியைப் பத்தின கதை. என்கிட்ட இருந்த ஒரே பிரதி வீடு மாத்தும்போது தொலைஞ்சது. அந்தக் கதை உலகத்தில் எங்கேயும் இல்லைன்னு 19 வருஷமா நம்பிட்டு இருந்தேன். ஓரத்தில் வாத்தியார் பென்சில்ல எழுதியிருந்தார்: 'முடிவு அவசரம். ஆனாலும் சேர்க்கணும்.'

அவர் சொன்னது சரி, முடிவு அவசரம்தான்.

பையை நான் தூக்கிக்கிட்டேன். கும்பக்கரை வரைக்கும் இறக்கம். இறங்கி முடிச்சு பஸ் ஏறும்போது தோள்பட்டை எரிஞ்சுது. மூட்டை தூக்கறது சும்மா இல்லை.

வீட்டுக்கு வந்து இதுவரைக்கும் 31 கடுதாசி போட்டிருக்கேன். பத்து திரும்பி வந்துடுச்சு, 'விலாசதாரர் இல்லை'ன்னு. ஆறு பேர் சரின்னாங்க. ஒரு அம்மா போன்ல கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரர் கதை எழுதுவாரா? எனக்குத் தெரியவே தெரியாதே"ன்னு அழுதுட்டாங்க. அவங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். விருது எப்ப வருமோ, யார் கொடுப்பாங்களோ தெரியாது. அந்த அம்மா அந்தக் கதையைப் படிச்சுட்டாங்க.

பி.கு: என் கதையைத் தொகைநூலில் சேர்க்கப் போறதில்லை. மூணாவது விதி. வாத்தியார்தான் தொகுத்தவர், நீ மூட்டை தூக்கினவன், உனக்கு அந்த விதி கிடையாதுன்னு அவர் வாதாடறார். அட்டையில் யார் பேர் போடறதுங்கற கேள்விக்கு மட்டும் பதில் கிடைச்சாச்சு. பேர் சொல்ல வேண்டாம்னு சொன்ன மனுஷன், நான் கெஞ்சினதும் அதுக்கு ஒத்துக்கிட்டார்.